எண்ணூர் முதல் பழவேற்காடு வரை இருளர்களுக்கு ஒரு வீட்டுத் திட்டம் எழுதினால் எங்கே தொடங்குவது?

கேள்வி எழுதியவர் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவர், இப்போது கனடாவில் சமூகப்பணி படிக்கிறார். அங்கே நகரத்திலும் கிராமத்திலும் வடக்குக் குளிர்ப் பகுதியிலும் வாழும் பழங்குடி மக்களுக்காகத் தனி வீட்டுத் திட்டம் வருவதை வகுப்பில் படித்திருக்கிறார். நம் பக்கம் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வரை இருக்கும் இருளர்களுக்கு இப்படி ஒன்று எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவீர்கள் என்று கேட்கிறார். கடைசி வரியில், "கட்டிக் கொடுத்தாலும் அவங்க அதுல இருக்க மாட்டாங்கன்னு எங்க மாமா சொல்றார், நிஜமா?" என்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் அதற்குப் பதில் தெரியாமல் எழுதிய திட்டங்களைத்தான் நான் இத்தனை வருடமாகக் கட்டடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன், சிவில் டிப்ளமோ. 2004 சுனாமிக்குப் பிறகு பழவேற்காடு பக்கம் வீடு கட்டும் வேலைக்கு மேற்பார்வையாளராகப் போனேன், அதிலிருந்து 20 வருடத்துக்கும் மேலாகத் திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகளில்தான் பெரும்பாலும் வேலை. அதனால் சமவெளி, கடலோர இருளர்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நீலகிரி, கோவை மலைகளில் இருக்கும் இருளர்களின் நிலைமை வேறு, காட்டு உரிமை சம்பந்தப்பட்டது, அங்கே நான் வேலை செய்ததில்லை. கனடா, ஆஸ்திரேலியா பற்றிச் சொல்வதெல்லாம் தேடிப் படித்தது மட்டும்.

கனடாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. 2021 கணக்கெடுப்புப்படி அங்கே பழங்குடி மக்கள் சுமார் 18 லட்சம், மொத்தத்தில் 5 சதவீதம். அவர்களில் 16.4 சதவீதம் பேர் பெரிய பழுது இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள், மற்றவர்களில் அது 5.7 சதவீதம்தான். 2017-ல் தேசிய வீட்டுத் திட்டம் அறிவித்தபோது ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மேட்டி என்று மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனித் திட்டம் என்றார்கள். நல்லதுதான், ஆனால் பழங்குடி மக்களில் பெரும்பாலானவர்கள் இன்று ரிசர்வ் எனப்படும் ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே வின்னிபெக், வான்கூவர் மாதிரி நகரங்களிலும் சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் பொறுப்பு என்பது சரியாகச் சொல்லப்படாமல் இடையில் விழுந்துவிட்டது. அந்தச் சத்தம் பெரிதாகி, 2022 பட்ஜெட்டில் 30 கோடி டாலர், 2023 பட்ஜெட்டில் 7 வருடத்துக்கு 400 கோடி டாலர் என்று ஒதுக்கித்தான் நீங்கள் படித்த அந்த 'நகரம், ஊரகம், வடபகுதி' திட்டம் வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பழங்குடி மக்களே நடத்தும் ஒரு தேசிய அமைப்பு பிரித்துக் கொடுக்கிறது. 'பழங்குடிகளுக்காகப் பழங்குடிகளே' என்பது அவர்களின் கோஷம். அதற்கு ஒரு பின்னணியும் உண்டு: வின்னிபெக்கில் 1970-லேயே கினியூ ஹவுசிங் என்று ஓர் அமைப்பைப் பழங்குடிகளே தொடங்கி, பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டுக் குறைந்த வாடகைக்கு விட்டார்கள். பிறகு அந்த மாதிரி அமைப்புகள் பல ஊர்களில் வளர்ந்தன, 1993-ல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியதும் தேங்கிப் போயின. ஆக, 30 வருடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

இதில் நமக்கு ஒட்டும் இடம் அந்த 'இடையில் விழுந்தவர்கள்' கதைதான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி பழங்குடிகள் 7.95 லட்சம் பேர், அதில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம். இந்திய அரசு மிகவும் நலிந்தவர்கள் என்று பட்டியலிட்ட 75 பழங்குடி இனங்களில் 6 தமிழ்நாட்டில், இருளர் அதில் ஓர் இனம். ஆனால் பழங்குடி என்றதும் அரசாங்கத்தின் கண் மலைக்குத்தான் போகும். ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை என்று பழங்குடித் துணைத் திட்டப் பகுதிகள் எல்லாம் மலைகள். பழங்குடிப் பகுதிக்குத் தனி நிர்வாகம் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடையாது. கொசஸ்தலை ஆற்றோரத்திலும், ஏரிக்கரையிலும், செங்கல் சூளையிலும், அரிசி ஆலைக் கொட்டகையிலும் இருக்கும் இருளர் எந்த வரைபடத்திலும் 'பழங்குடிப் பகுதி' ஆகமாட்டார். கனடாவில் ரிசர்வுக்கு வெளியே என்றால், இங்கே மலைக்கு வெளியே.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்ணூர் கழிமுகத்துக்குத் தெற்குக் கரையில் கத்திவாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2018-ல் திருவொற்றியூர் தாலுகாவே சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. வடக்கே அத்திப்பட்டு ஊராட்சி, திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் இந்தக் கரையில், ஒருவர் அந்தக் கரையில் குடிசை போட்டிருக்கிறார்கள். இருவரும் இறங்குவது ஒரே தண்ணீரில். 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் நலிந்த பழங்குடிகளுக்கு வீட்டுக்கு 2 லட்சம், அதை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன, அதன்மேல் மாநில அரசு தனியாகவும் சேர்த்துத் தருகிறது. ஆனால் அது ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருவது, ஊராட்சிக்குள் இருக்கும் தம்பிக்கு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் ஃபைல் நகர்ந்தது. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் அண்ணனுக்கு நகர்ப்புறத் திட்டம்தான், அதில் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் பிரிவுக்கு முதல் கேள்வியே 'பட்டா இருக்கா?' என்பது. இல்லாவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பு, அது எங்கே கிடைக்குமோ அங்கே. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "தண்ணிக்கு அந்தாண்ட போனா பழங்குடி, இந்தாண்ட வந்தா இல்லையாண்ணா?" நீங்கள் எழுதப் போகும் திட்டத்தின் முதல் வரி இந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கட்டும். நகரம், ஊரகம் என்ற கோடு அரசாங்கத்தின் வசதிக்குப் போட்டது. ஓடையும் சேறும் இறாலும் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே சலுகை ஆளோடு போகவேண்டும், எல்லையோடு நிற்கக்கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அடுத்தது நிலம். வீட்டுத் திட்டம் என்று பேசும்போது எல்லோரும் எத்தனை லட்சம், எத்தனை சதுர அடி என்றே பேசுகிறார்கள். கலைஞரின் கனவு இல்லம் 3.5 லட்சம், 360 சதுர அடி. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் சமவெளியில் 1.2 லட்சம், குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. எல்லாம் சரி, எதன் மேல் கட்டுவது? சமவெளி இருளர் குடியிருப்புகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கின்றன, ஏரிக்கரை, ஓடைக்கரை, ஆற்றோரம். நீர்நிலையில் பட்டா கொடுக்க முடியாது, 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அதில் கறாராக இருக்கின்றன, கறாராக இருப்பதும் நியாயம்தான், ஏரியைக் காப்பாற்றாவிட்டால் நம் எல்லோருக்கும் வெள்ளம். ஆனால் அந்த ஜனங்கள் அங்கே ஆக்கிரமிக்க வரவில்லை. ஊர் நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கான பொது நிலத்தில், அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை, தனியார் நிலத்திலிருந்து விரட்டினார்கள், மிச்சமிருந்தது யாருக்கும் வேண்டாத கரை. இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஆக்கிரமிப்பாளர்' என்று பதிவேட்டில் எழுதும்போது பிரச்சினை தொடங்குகிறது. பழவேற்காடு பக்கம் இன்னொரு சிக்கல், ஏரியைச் சுற்றிப் பறவைகள் சரணாலயம், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். அந்த விதிகளில் மீனவர் மாதிரி பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் வீடுகளுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் கையால் இறால் பிடித்தே பிழைத்தாலும் இருளர் பெயர் பல இடங்களில் மீனவர் பதிவில் இருக்காது. சுனாமி நிவாரணத்தின்போதே அதைக் கண்ணால் பார்த்தேன், படகும் வலையும் இல்லாததால் 'இழப்பு ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

சரி, பட்டா கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே கொடுக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் மாமாவுக்கான பதில் இருக்கிறது. ஒரு தடவை ஆற்றங்கரையில் இருந்த 19 குடும்பத்துக்குப் பட்டா கிடைத்தது, 14 கிலோமீட்டர் தள்ளி, மேய்க்கால் (மாடு மேய்க்க ஒதுக்கிய) நிலத்தை வகை மாற்றி. இடம் மேடானது, மழைத்தண்ணீர் நிற்காது, ரோடு உண்டு. நானே நின்று கட்டினேன், நல்ல வேலைதான். ஒரு வருடம் கழித்துப் போனால் 7 வீட்டில் பூட்டு. பழைய கரையில் தார்ப்பாய் போட்டு மறுபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அங்கே ஓர் ஆயா, அறுபது தாண்டியிருக்கும், இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். பனை ஓலையில் முடைந்த பறிக்கூடையின் காதை வாயில் கவ்விக்கொண்டிருந்தார், இரண்டு கையும் சேற்றுக்குள் தடவுவதற்கு வேண்டுமே, அதனால். பறியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, விரல்களைக் காட்டினார். சிப்பி கிழித்த கீறல், நகம் ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. பறியில் கால் கிலோ இருந்தால் பெரிது. "தம்பி, இன்னிக்கு வத்தம் வெடிகாலம் மூணு மணிக்கு. அந்தூர்லேர்ந்து மொத பஸ்ஸு அஞ்சரைக்கு. நான் எப்டி வர்றது?" என்றார். தண்ணீர் வற்றும் நேரம் தினமும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப் போகும். எந்த பஸ் கால அட்டவணையும் அதோடு ஒத்துப் போகாது. அந்தப் பூட்டிய வீட்டுக்குள் என்ன வைத்திருந்தார் தெரியுமா? ரேஷன் அரிசி, ஒரு பாலிதீன் பையில் ஆதார், சாதிச் சான்று, பட்டா. அடைமழைக்கு எல்லோரும் அங்கே போய்விடுவார்களாம், விட்டதும் கரைக்கு வந்துவிடுவார்களாம். வீட்டை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

ஆகவே உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள்: பூட்டிக் கிடப்பது நிஜம், இருக்க மாட்டார்கள் என்பது தப்பு. தொழில் எங்கேயோ அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கொடுத்த வீடு ஒன்றுகூடப் பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. பட்டா கொடுக்கும் முன்னால் தொழில் செய்யும் இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதோடு அந்தத் தண்ணீரும் இருக்கவேண்டும். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து பல இடங்களில் ஆழம் போய்விட்டது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவியது, அலையாத்தி வேர்களில் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆறு செத்துப்போனால் ஆற்றோரம் வீடு எதற்கு? அதனால்தான் வீட்டுத் திட்டத்துக்குள் ஆற்றையும் எழுதச் சொல்கிறேன், அது வேறு துறை என்று தள்ளிவிட முடியாது.

கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம், இது என் சொந்தத் தொழில். உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு உப்பும்போது கான்கிரீட் விரிசல் விட்டுப் பெயர்ந்து விழும். ஐ.எஸ். 456 தரவிதி கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வைத்து எம்30 என்ற வலுவான கான்கிரீட்டும், கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரும் கேட்கிறது. 2 லட்ச, 3 லட்சப் பட்ஜெட்டில் பெரும்பாலும் அதைவிட வலு குறைந்த எம்20தான் போடுகிறார்கள், சில இடங்களில் உப்புத் தண்ணீரிலேயே கலவை போடுவதையும் நான் தடுத்திருக்கிறேன். பத்து வருடத்தில் தளத்தின் அடியில் கம்பி தெரியும். பிறகு 'இவங்களுக்கு வீட்டை வச்சுக்கத் தெரியல' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1980களின் நடுவில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துப் பாலைவனப் பழங்குடி வீடுகளில் தொடங்கி, ஹெல்த்ஹாபிடாட் என்ற குழு ஒவ்வொரு வீடாகப் போய்க் குழாய், வயரிங், கழிவறை எல்லாம் சோதித்து அங்கேயே பழுது பார்த்தது. பல ஆயிரம் வீடுகளுக்குப் பிறகு அவர்கள் கண்டது, பழுதில் பெரும்பகுதிக்குக் காரணம் பராமரிப்பே செய்யாதது, அடுத்தது ஆரம்பத்திலேயே மோசமாகக் கட்டியது. குடியிருப்பவர் கெடுத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை, ஆனால் என் கண்ணுக்கும் இங்கே அப்படித்தான் தெரிகிறது. வீடு கட்டிச் சாவி கொடுத்ததும் பொறுப்பு முடிந்தது என்று எல்லாத் துறையும் கையைக் கழுவுகிறது. ஐந்தாவது வருடம் மேல்தளத்தில் ஒழுகினால் அந்தக் குடும்பம் யாரைக் கூப்பிடும்? திட்டத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கும்போதே பராமரிப்புக்கு ஒரு தொகை எடுத்து வைக்கவேண்டும், அதை அந்தக் குடியிருப்பு இளைஞர்களில் இரண்டு பேருக்குக் கொத்து, பிளம்பிங் கற்றுக்கொடுத்து அவர்கள் கையாலேயே செலவழிக்கவேண்டும்.

வரைபடத்தை ஆபீஸில் போடுவது இன்னொரு தப்பு. ஒரு குடியிருப்பில் நான் அளவு நாடாவை எடுக்காமல், சுண்ணாம்புத் தூளை ஒரு பெண்மணி கையில் கொடுத்து, வீடு எப்படி வேண்டுமோ தரையில் கோடு போடச் சொன்னேன். அவர் முதலில் கோடு போடவில்லை. தரையில் படுத்தார், பிள்ளைகளையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார், தலைக்கும் காலுக்கும் எதிரே கல் வைத்தார், அப்புறம்தான் கோடு. சமையலைச் சுவரோரம் வெளியே தள்ளினார், விறகு அடுப்பு, கடல்காற்று உள்ளே அடித்தால் புகை முழுக்க வீட்டுக்குள் வருமாம். நாங்கள் கொண்டுபோயிருந்த வரைபடத்தில் சமையலறை நேராகக் காற்று வரும் பக்கம்! ஈர வலையும் பறியும் காயப்போட முன்பக்கம் நாலு அடி தாழ்வாரம் கேட்டார். உள்ளே ஓர் அறை குறைந்தது, தாழ்வாரம் வந்தது, சதுர அடி அதேதான், பில் தொகையும் அதேதான். வீடு பார்க்க வந்த அதிகாரி மட்டும் 'டைப் டிசைன்படி (அரசு கொடுத்த மாதிரி வரைபடத்தின்படி) இல்லை' என்று ஒரு தவணையை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார். இந்த மாதிரி மாற்றத்துக்கு விதியிலேயே இடம் வைக்காவிட்டால் கீழே இருக்கும் இன்ஜினியர் எவரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது.

தவணை பற்றியும் சொல்லியாகவேண்டும். பேஸ்மெண்ட் முடித்துப் போட்டோ எடுத்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேல் லிண்டல் வந்தால் ஒன்று, தளம் போட்டால் ஒன்று. அதாவது முதலில் கைக்காசு போட்டுக் கட்டவேண்டும், பணம் பின்னால் வரும். கையில் காசு இருக்கும் குடும்பத்துக்கு இது சரி. இருளர் குடும்பம் அந்தக் காசுக்கு எங்கே போகும்? சூளை முதலாளியிடம் முன்பணம். முன்பணம் வாங்கினால் ஆறு மாதம் குடும்பத்தோடு சூளையில் கிடக்கவேண்டும், இங்கே பாதி கட்டின சுவர் மழையில் நனையும். கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று, ஆனாலும் நம் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர்களை மீட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வீடு கட்டப் போய்க் கொத்தடிமை ஆவது மாதிரி ஒரு கொடுமை உண்டா? இல்லையென்றால் ஒரு கான்ட்ராக்டர் வருவார், "நீ கையெழுத்து மட்டும் போடு, நான் கட்டித் தர்றேன்" என்று பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொள்வார், அதற்குப் பிறகு செங்கல்லின் தரம் கேட்கவே வேண்டாம். ஆகவே இந்த மக்களுக்கு முதல் தவணை முன்கூட்டியே வரவேண்டும், சிமெண்ட், கம்பி பொருளாகவே இறங்கவேண்டும். இது என் அழுத்தமான கருத்து, இதற்கு எதிராகச் சொல்பவர்கள் பணம் வேறு செலவாகிவிடும் என்பார்கள். சில குடும்பத்தில் ஆகும்தான். அதற்குப் பயந்து எல்லோரையும் முதலாளியிடம் அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

நகரத்துப் பகுதியை எப்படி எழுதுவது என்பதில் நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பேசுவேன். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்ததிலிருந்து, 2021-ல் பெயர் மாறிய பிறகும், சென்னையில் ஏழைக்கு வீடு என்றால் அடுக்குமாடிதான். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் தென்கோடிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருளர்களுக்கு அது இன்னும் கஷ்டம், நாலாவது மாடியில் வலை காயப்போடவும் முடியாது, ஆற்றுக்கு இறங்கவும் முடியாது. ஆனால் ஆற்றை விட்டு வந்துவிட்ட இளையவர்கள் இருக்கிறார்கள், எர்ணாவூர், மணலி பக்கம் லோடு ஏற்றும் வேலை, கம்பெனிகளில் துப்புரவு வேலை. அவர்களுக்கு வாடகை வீடு கிடைத்தாலே போதும், சாதி கேட்டுவிட்டு வீடு இல்லை என்பதுதான் அவர்கள் பிரச்சினை. இங்கே அந்தக் கினியூ மாதிரி ஒரு கூட்டுறவு அமைப்பு, பழைய வீடுகளைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்த ஜனங்களுக்கு வாடகைக்கு விடுவது, நடக்குமா? நடக்கும் என்று ஆசைப்படுகிறேன். வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து நடக்கிறது, பாம்பு விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுக்கிறார்கள், தாங்களே நிர்வாகம் செய்து பழக்கம் இல்லாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு வாடகை என்பது வேறு கணக்கு, முதல் பத்து வருடம் அரசு மானியம் இல்லாமல் நிற்காது. இது என் ஊகம், முயன்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சந்தேகம், பட்டா யாருடைய பெயரில் என்பது. கனடாவில் ரிசர்வ் நிலத்தை வெளியாள் ஜப்தி செய்ய முடியாதபடி அங்குள்ள 'இந்தியன் ஆக்ட்' என்ற பழங்குடிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு காக்கிறது, அதே பிரிவால் வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. இங்கே நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். தனிப் பட்டா கொடுத்த இடத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 20,000 ரூபாய்க்குப் பத்திரத்தை அடகு வைத்து மனை கைமாறியிருக்கிறது, கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும். எல்லோர் பெயரிலும் பொதுவாகக் கொடுக்கலாம் என்றால், வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது தனித்தனிப் பட்டா கேட்கிறார்கள். பெண்கள் பெயரில் கொடுத்த இடங்களில் அடகு குறைவாக இருக்கிறது என்பது மட்டும் நான் நிச்சயமாகப் பார்த்தது.

நீங்கள் நிஜமாகவே எழுத உட்கார்ந்தால், விடுமுறைக்கு வரும்போது மாசி மகத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடுங்கள். மாசி மகத்துக்கு எல்லாக் குடும்பமும் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கன்னியம்மனைக் கும்பிடப் போய்விடும், கல்யாணம் பேசுவதெல்லாம் அங்கேதான். ஒரு தடவை கணக்கெடுக்க வந்தவர்கள் சரியாக அந்த வாரம் வந்து, மூடிய குடிசைகளைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள், அந்தக் குடியிருப்பு பட்டியலில் மறுபடி ஏற இரண்டு வருடம் ஆயிற்று. கணக்கெடுப்பைக் குடியிருப்புப் பிள்ளைகளை வைத்தே எடுங்கள், அவர்களில் பத்தாவது முடித்தவர்கள் இப்போது இருக்கிறார்கள். யார் எந்தச் சூளைக்குப் போயிருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் கொடுக்கவேண்டும், அதற்கு நேரில் விசாரணை உண்டு, அது இல்லாமல் எந்த வீட்டுத் திட்டமும் நகராது, எனவே எத்தனை குடும்பத்துக்குச் சான்று இல்லை என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் குடியிருப்பின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறை அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது. அதில் அந்த இடம் ஓடை என்று இருக்கிறதா, மேய்க்கால் என்று இருக்கிறதா, நத்தமா என்று பார்த்துவிட்டு, சுற்றி அரை மணி நேர நடைக்குள் வேறு எந்த அரசு நிலம் காலியாக இருக்கிறது என்பதையும் அதே பதிவேட்டில் தேடுங்கள். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரைக்கும் பல கிராமங்களுக்கு நானே கையால் எடுத்த பட்டியல் ஒரு நோட்டில் இருக்கிறது. எண்ணூர் வந்ததும் செய்தி அனுப்புங்கள், நோட்டை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கே வருகிறேன்.